கோட்டுக்கு இந்தப் பக்கம்

வெட்டுமேசை மேல் சாக்கட்டியால் நான் போட்டு வைத்திருந்த கணக்கை இவர் குனிந்து பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, திரும்ப மாட்டிக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தார்.

"குடை மூணு எதுக்கு இதுல?"

"வருஷத்துக்கு மூணு குடையை ரயில்ல விட்டுட்டு வர்றீங்கல்ல. கடைக்குப் பக்கத்துலயே வீடு எடுத்தா அது மிச்சம்தானே?"

"ரெண்டுதான். ஒண்ணு திரும்பி வந்துடுச்சு."

"வந்தது வேற யாரோ குடை. நம்மளோடது கருப்பு. வந்தது பூப் போட்டது."

"உம்" என்றார். எங்கள் வீட்டில் ஒரு பேச்சு முடிந்தது என்பதற்கு அதுதான் மணி.

விஷயத்தை முதலிலிருந்து சொல்கிறேன். ஜன்னல் திரை தைப்பது என் தொழில். நகரத்துக் கடைக்காரர் வண்டியில் துணி அனுப்புவார். தைத்து, இஸ்திரி போட்டு, மடித்து வைத்தால் அதே வண்டி வந்து எடுத்துக்கொண்டு போகும். வாடகை வீடுதான் என்றாலும் பின்னால் நீளமாக ஓர் அறை, அதில் இரண்டு பேர் தாராளமாகப் படுக்கலாம் போல ஒரு மேசை, சாயங்காலம் வரைக்கும் விளக்குப் போடத் தேவையில்லாத வெளிச்சம். ஒரு ராணிக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? அப்படி இருக்கும்போது வீட்டுக்காரர் ஒரு நாள் சிரித்துக்கொண்டே வந்தார். அவருடைய மகள் பிள்ளைகளோடு இங்கேயே வந்து இருக்கப் போகிறாளாம், வீடு வேண்டுமாம். எனவே நாங்கள் வேறு இடம் பார்க்க வேண்டியதாயிற்று.

இவர் நகரத்தில் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர். எங்கள் ஊர்தான் ரயில் பாதையில் கடைசி ஊர், ரயில் புறப்படுவதே இங்கிருந்துதான். அதனால் உட்கார இடம் கிடைக்கும்; ஆனால் பாஸ் விலையைக் கேட்டால் நின்றுகொண்டே போய்விடலாம் என்று தோன்றும். தூரத்தைப் பார்த்து மண்டலம் மண்டலமாகப் பிரித்து விலை வைத்திருக்கிறார்கள். எந்த மகராசன் கையில் பென்சிலைக் கொடுத்தார்களோ, அவன் மண்டலக் கோட்டை எங்கள் நிலையத்துக்கும் அடுத்த நிலையத்துக்கும் நடுவே இழுத்துவிட்டான். அடுத்த நிலையத்தில் ஏறினால் பாஸ் ஏறக்குறையப் பாதி. அதற்காகவே எங்கள் ஊரில் பாதிப்பேர் விடியற்காலையில் சைக்கிளை மிதித்துக்கொண்டு அங்கே போய் ஏறுகிறார்கள். இவர் சைக்கிள் ஏறினால், சைக்கிள்தான் இவரை ஓட்டும். அதனால் முழு விலை.

எங்கள் முன்னால் இருந்தவை இரண்டு வீடுகள். ஒன்று இதே ஊரில், இரண்டு தெரு தள்ளி. வாடகை குறைவு, மேசை போட இடம் உண்டு, பாஸ் இப்போது இருக்கிறபடியே கையைக் கடிக்கும். இன்னொன்று நகரத்தில், இவருடைய கடைக்கு நடக்கிற தூரம். மூன்றாவது மாடி, இரண்டு சின்ன அறை, வாடகை இங்கேயுள்ளதைப் போல ஒன்றரை மடங்கு. ஆனால் பாஸே வேண்டாம். வாடகையில் ஏறுவதைப் பாஸில் இறக்கிவிடலாம் என்று நானும் எப்படி எப்படியோ போட்டுப் பார்த்தேன். ஒழுங்காகப் போட்டால் இந்த ஊர் வீடுதான் கொஞ்சம் லாபமாக வந்தது. அதனால் ஒழுங்காகப் போடுவதை விட்டுவிட்டேன். ரயில் நிலையத்து டீயைச் சேர்த்தேன், செருப்பு அடி தேய்வதைச் சேர்த்தேன், ஜன்னல் காற்றில் பிடிக்கும் சளிக்கு இருமல் மருந்தைச் சேர்த்தேன். கடைசியில் குடை.

எங்கள் மகளிடம் தொலைபேசியில் சொன்னால் அவள் சிரிக்கிறாள்.

"ஏம்மா, அந்தப் புறாக்கூண்டுல உன் மேசையை எங்க போடுவ? தலைமேலயா? பாஸ் காசுக்காகவா இத்தனை அமர்க்களம்?"

"பாஸ் என்ன சும்மாவா வருது?"

"அப்பா கேட்டாரா, அங்க போகலாம்னு?"

"அவரு என்னிக்குடி வாயைத் திறந்து ஒண்ணு கேட்டாரு?"

ஒரே ஒரு தரம் கேட்டார். அங்கேதான் எல்லாம் ஆரம்பித்தது.

போன மழைக்காலத்தில் ஒரு நாள், "ரயில்ல பலகை ரொம்பக் குத்துது. சின்னதா ஒரு மெத்தை தெச்சுக் குடேன்" என்றார். கல்யாணமாகி இத்தனை காலத்தில் என் தையலிலிருந்து இவர் எனக்கு இது வேண்டும் என்று கேட்டது அது ஒன்றுதான். நான் தரையில் கால் பாவாமல் திரிந்தேன். ஒரு ஹோட்டல்காரர் ஜன்னல்களுக்குத் தைத்ததில் மிஞ்சின துண்டு, நீலத்தில் மஞ்சள் இலை, எதற்கும் கொடுக்க மனசில்லாமல் சுருட்டி வைத்திருந்தேன். அதை எடுத்து, பஞ்சு திணித்து, நாலு ஓரமும் கயிறு வைத்துத் தைத்து, தூக்கிக்கொண்டு போக ஒரு பிடியும் வைத்துக் கொடுத்தேன். தினமும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போவார். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "உம்."

அந்த ரயில் கூட்டாளிகளைப் பற்றி எப்போதாவது ஒரு வார்த்தை இவர் வாயிலிருந்து சிந்தும். எல்லோருக்கும் பட்டப்பெயர்தான். பூட்டு விற்கிறவர் பூட்டு. "ஊசிக்கு இன்னிக்கு லீவு" என்பார். "ஊசிக்கு மூட்டு வலி" என்பார். ஊசி என்றால் ஒல்லியாக, நெட்டையாக ஓர் ஆள் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் காலை இவர் சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டுப் போனார். எங்கள் ஊர் ரயில் புறப்பட்டு அடுத்த நிலையத்தில் விரைவு ரயிலுக்கு வழி விட்டுக்கொண்டு மாடு மாதிரி நிற்கும். பஸ் பிடித்தால் அங்கே போய் எட்டிவிடலாம். போனேன். ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்துக்கொண்டே ஓடினேன். இவரைக் கண்டதும் கால் நின்றுவிட்டது. இவர் பேசிக்கொண்டிருந்தார். வாயால் மட்டும் இல்லை. இரண்டு கையும் மேலே போய் வருகிறது, புருவம் ஏறி இறங்குகிறது, கழுத்தை ஒரு பக்கம் வெட்டுகிறார். பக்கத்தில் ஒரு பெண்பிள்ளை, என் வயசு இருக்கும், மடியில் மடித்து வைத்த ஆஸ்பத்திரி வெள்ளைக் கோட்டு, வாயைக் கையால் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறாள். அவளுக்கு அடியில் நீலத்தில் மஞ்சள் இலை.

டப்பாவை ஜன்னல் வழியாக நீட்டினேன். "ஓ, மறந்துட்டேனா?" என்றார். அவளைப் பார்த்து, "ஊசி, இதான் நம்ம வீட்டுல" என்றார். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள், ரொம்ப நாள் பழகினவளைப் பார்க்கிறது போல. விரைவு ரயில் தடதடவென்று போயிற்று, இவர்கள் ரயிலும் புறப்பட்டது. நான் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன்.

நீங்கள் நினைக்கிறது மாதிரி இல்லை. இவரைப் பற்றி எனக்குத் தெரியாதா? ஊசி போடும் அறையில் நாளெல்லாம் நின்று கால் வீங்கிப்போன ஒரு நர்ஸ் அம்மா. இடம் போட்டு வைக்கிறார், மெத்தை போடுகிறார், நல்ல காரியம். எனக்கு எரிந்தது அதற்கு இல்லை. அந்தக் கை. காற்றில் மேலே போய் வந்த அந்த இரண்டு கை. எனக்கு ஒரு "உம்", அங்கே ஒரு நாடகக் கொட்டகை. போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி, இருக்கிற பேச்சையெல்லாம் அந்தப் பலகையில் கொட்டிவிட்டு, பிழிந்த துணியாக வீட்டுக்கு வருகிறார். ரயில் இல்லை என்றால் அந்தப் பேச்சு எங்கே போகும்? வீட்டுக்குத்தானே வந்தாக வேண்டும்? நான் போட்ட நிஜமான கணக்கு இதுதான். இதைச் சாக்கட்டியால் எழுத முடியவில்லை, அதனால் குடை என்று எழுதினேன்.

நகரத்து வீட்டைப் பார்த்து முன்பணம் கொடுக்க ஒரு நாள் இவரோடு நானும் புறப்பட்டேன். பணத்தைப் பைக்குள் பை வைத்து மார்போடு அணைத்துக்கொண்டு ரயில் ஏறினால், இவர் எனக்கு முன்னால் ஓடி, வழக்கமான பலகையில் ஜன்னலோரமாக மெத்தையைப் போட்டுவிட்டு நிமிர்கிறார். நான் நேராகப் போய் அதன்மேல் உட்கார்ந்தேன். இவர் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

அடுத்த நிலையத்தில் ஊசி ஏறினாள். பின்னாலேயே வேர்க்க விறுவிறுக்கப் பூட்டு. நான் நினைத்தபடியே குண்டு. அந்த மட்டிலாவது சரியாக இருந்தது. மெத்தைமேல் என்னைப் பார்த்ததும் ஊசி முகம் மலர்ந்துவிட்டது.

"உக்காருங்க, உக்காருங்க. உங்களோடதுதானே அது!" என்று வெறும் பலகையில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். "ஒரு ஓரம் பிரிஞ்சுபோச்சு. நானே காயம் தைக்கிற மாதிரி தெச்சுட்டேன். உங்க கண்ணுல படக்கூடாதுன்னு இவரு வீட்டுல அந்தப் பக்கத்தைச் சுவரோரமா வெப்பாராம்."

விரலால் தடவிப் பார்த்தேன். நீலத் துணியில் கருப்பு நூல். முடிச்சு முடிச்சாக, ஆனால் சுத்தமான வேலை. குறை சொல்ல வழியில்லாத வேலையைப் பார்த்தால் எனக்கு எப்போதுமே கோபம் வரும்.

பூட்டு முன்னால் சாய்ந்தார். "அம்மா, வீட்டுக்காரர் கதையை உங்க வாயால ஒருவாட்டி கேக்கணும்மா."

"எந்தக் கதை?"

"அவரு சிரிச்சா வாடகை ஏறும், தும்மினா தண்ணி நிக்கும்னீங்களாமே."

"இவரு உங்களை மாதிரியே பேசிக் காட்டுவாரு," என்றாள் ஊசி. "வாயில குண்டூசியைக் கவ்விக்கிட்டு, ஒத்தைக் கடவாயால பேசற மாதிரி. திரையில பறவையெல்லாம் தலைகீழா வர்ற மாதிரி தெச்சுட்டு, 'மீன் புடிக்க இறங்குதுங்க'ன்னு கடைக்காரருக்குச் சொன்னீங்களே, அதை நான் ஆஸ்பத்திரி முழுக்கச் சொல்லிட்டேன்."

இவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். காது இரண்டும் சிவந்திருந்தது.

அந்த வீட்டுக்காரர் பேச்சை நான் பேசிய அன்று என் வாயில் நிஜமாகவே குண்டூசி இருந்தது. இவர் கேட்டுவிட்டு ஒரு சொம்பு தண்ணீர் குடித்தார், போய்ப் படுத்தார். கிணற்றில் போட்ட கல் என்று நான் நினைத்திருந்தேன். பார்த்தால், ஒன்றுவிடாமல் பொறுக்கி, துடைத்து, ராத்திரி முழுக்கப் பத்திரமாக வைத்திருந்து, காலையில் இங்கே கொண்டுவந்து பரிமாறியிருக்கிறார். சமைத்தது நான், பந்தி இங்கே. என்னை எனக்குத் தெரியாமலே தலை முதல் கால் வரை தெரிந்துவைத்திருக்கும் அந்த இரண்டு பேரையும் பார்க்கப் பார்க்க எனக்கு இன்னும் அதிகமாக எரிந்தது. நான் என் வீட்டில் பேசினதற்கு இன்னொரு ஊர் ஆஸ்பத்திரியில் சிரிக்கிறார்கள்! அந்தச் சிரிப்பில் ஒரு கைப்பிடியாவது எனக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டாமா?

நகரத்து வீட்டைத் தரகர் திறந்து காட்டினார். ஒரு ஜன்னல், அதைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் குழாய்கள் கையெட்டும் தூரத்தில். மெஷினைச் சமையலறையில்தான் போட வேண்டும். அடுப்புக்கும் மெஷினுக்கும் நடுவே நான் நின்று பார்த்தேன்; ஒன்று முதுகைச் சுடும், மற்றது வயிற்றில் குத்தும். மேசைக்கு வழியே இல்லை.

"காத்து சும்மா பிச்சுக்கிட்டு வரும்மா," என்றார் தரகர்.

"வரும், வரும். நாலு பேரு கிட்ட வழி கேட்டுக்கிட்டு வரும்," என்றேன்.

இவர் உதடு ஓரம் துடித்ததைப் பார்த்தேன். ஒரு கணம்தான். உடனே விழுங்கிக்கொண்டார். என் கண்ணெதிரிலேயே எடுத்துப் பைக்குள் போட்டுக்கொள்கிறார்! தரகரிடம் நாளைக்குச் சொல்கிறோம் என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

கடைக்கு நடந்தோம். இனி தினமும் இவர் நடக்கப்போகும் தெரு. பக்கத்தில் பக்கத்தில் நடக்கிறோம், ரயில் இல்லை, பூட்டு இல்லை, ஊசி இல்லை. ஒரு தெரு போயிற்று, இன்னொரு தெரு போயிற்று.

"ஏதாவது பேசுங்களேன்," என்றேன்.

"என்ன பேச?"

"ரயில்ல பேசறதை."

நேர்மையாக யோசித்தார். நெற்றி சுருங்கிற்று. "ரயில்ல ஆளு இருக்காங்க."

"அப்போ நான் ஆளு இல்லையா?"

"உன்கிட்டயே உன்னைப் பத்தி எப்படிப் பேசறது?"

கடை வந்துவிட்டது. பின்பக்கக் கூடத்தில் இவர் தேய்க்கும் சக்கரத்தை முதன்முதலாக அன்றைக்குத்தான் பார்த்தேன். பால் மாதிரி வெள்ளைத் தண்ணீர் ஒழுகிக்கொண்டே இருக்கிறது, சக்கரம் காதைப் பிளக்கிறது, பக்கத்து ஆளிடம் ஒன்று கேட்க வேண்டும் என்றால் கையைத்தான் ஆட்ட வேண்டும். இவர் மேலங்கியை மாட்டிக்கொண்டு குனிந்தார். அதற்குமேல் நான் அங்கே இருக்கிறேன் என்பது இவருக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் திரும்பும்போதும் இவர்தான் ஓடி இடம் போட்டார். நான் போய் மெத்தைமேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன். ஊசி நடைமேடையில் ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து வருவது தெரிந்தது. அந்தக் காலைப் பார்த்துவிட்டு அதில் உட்காருகிற அளவுக்கு நான் கல்நெஞ்சக்காரி இல்லை. மெத்தையை எடுத்து அவளுக்குக் கொடுத்தேன். ஜன்னலை விட்டுக் கொடுக்கவில்லை.

"வீடு எப்படிங்க?" என்றார் பூட்டு.

இவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். கூச்சம்தான். அப்புறம் ரயில் நகர்ந்ததும், சக்கரத்தில் எண்ணெய் விட்டது போல, ஆரம்பித்தார். "தரகர் இருக்காரே, நெஞ்சை நிமித்திக்கிட்டு, காத்து பிச்சுக்கிட்டு வரும்னாரு. இவ அண்ணாந்து அந்தக் குழாயை ஒரு பார்வை பாத்தா..." கை மேலே போயிற்று. கழுத்து வெட்டிற்று. அட, நான் அப்படியா கழுத்தை வெட்டுகிறேன்? வெளியே இருட்டிக்கொண்டு வந்ததால் ஜன்னல் கண்ணாடியில் எங்கள் நாலு பேர் முகமும் தெரிந்தது. அதில் ஒரு கிழவி உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள், இவர் சொல்லப்போவதை இவருக்கு அரை நொடி முன்னால். அவர்கள் சிரிப்பதற்கு முன்னாலேயே நான் சிரித்துவிட்டேன்.

அந்த நேரம் பார்த்துப் பரிசோதகர் வந்தார். இவருடைய பாஸை வாங்கிப் பார்த்துவிட்டு, "நாளையோட முடியுது. பாத்துக்கோங்க," என்று திருப்பிக் கொடுத்தார். பலகையில் சிரிப்பு நின்றது. பூட்டு தன் விரலைப் பார்த்தார்.

"அப்போ நாளையோட சரியா?" என்றாள் ஊசி, யாரிடம் என்று இல்லாமல். கொஞ்ச நேரம் மெத்தை ஓரத்தை நிமிண்டிக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஒண்ணு சொல்லட்டுமா? தப்பா எடுத்துக்காதீங்க. எங்க தெருவுல, எங்களுக்கு எதிர் மாடி காலியா கெடக்குது. கோட்டுக்கு இந்தப் பக்கம், அதனால பாஸ் பாதிதான் ஆகும். வாடகை உங்க ஊரு வாடகைதான். நீளமா ஒரு ரூம் இருக்கு, உங்க மேசை தாராளமா நிக்கும். போன வாரமே இவருகிட்ட சொன்னேனே!"

நான் இவரைப் பார்த்தேன். "ஏன் எங்கிட்ட சொல்லலே?"

இவர் செருப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நீதான் நகரத்துக்குப் போகணும்னு குடையெல்லாம் எழுதி வெச்சிருந்தியே."

ரயில் சத்தத்திலும் அது தெளிவாகக் கேட்டது. மனசுக்குள் கணக்குப் போட்டேன். வாடகை ஏறவில்லை. பாஸ் பாதியாகிறது. மேசைக்கு இடம் இருக்கிறது, காலையில் போக அதே ரயில் இருக்கிறது. டீ வேண்டாம், செருப்பு வேண்டாம், இருமல் மருந்து வேண்டாம், எதையும் சேர்க்காமலே கணக்கு சுத்தமாக வந்தது. இத்தனை தெரு இருக்கிற உலகத்தில் அது அவள் தெருவில் போய் அமைய வேண்டுமா? காலையில் ஜன்னலைத் திறந்தால் அவள். கடைக்குப் போனால் அவள். இவர் டப்பாவை மறந்தால் ஓடி வந்து வாங்கிக்கொண்டு போக அவள். இப்போது என்னைப் பற்றி இவர் சொல்லித்தான் அவளுக்குத் தெரிகிறது. அங்கே போனால் நேரிலேயே பார்த்துக்கொள்வாள்.

அவள் நிலையம் வந்தது. விரைவு ரயிலுக்காக எங்கள் வண்டி வழக்கம்போல நின்றது. பூட்டு சொல்லிக்கொண்டு போனார். ஊசி மெத்தையை என் மடியில் வைத்துவிட்டு இறங்கி, தூறல் விழுகிறதென்று குடையை விரித்தாள். கருப்புக் குடை. பிடியில் அடையாளத்துக்கு நான் சுற்றின சிவப்பு நூல்.

"இதுவும் உங்களோடதுதான்!" என்று சிரித்தாள். "என் பூக்குடை உங்க வீட்டுலதானே இருக்கு? அவசரத்துல மாத்தி எடுத்துட்டோம், அப்படியே ஓடிட்டு இருக்கு." குடையைச் சாய்த்து, வேலிக்கு அந்தப் பக்கம் காட்டினாள். "அதோ பாருங்க. தெருவிளக்குக்குப் பக்கத்துல, மாடியில திரை இல்லாத ஜன்னல். அதுதான். எதிர்ல பச்சைக் கதவு எங்களோடது. வண்டி எடுக்க நேரமாகும், எறங்கி ஒரு எட்டு பாத்துட்டு வந்துடலாமே? விட்டுட்டா அடுத்த வண்டி இருக்கு."

இவர் பாதி எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, எழுந்ததாகவும் இல்லாமல் உட்கார்ந்ததாகவும் இல்லாமல் நின்றார். "இறங்கலாமா?" என்று என்னைக் கேட்டார். இவர் வாயைத் திறந்து கேட்டது இது இரண்டாம் தரம்!

நான் அந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். தெருவிளக்கு வெளிச்சத்தில் உள்ளே வெற்றுச் சுவர் பாதி தெரிந்தது. நல்ல அகலம். ஆள் உயரத்துக்குமேல் இருக்கும். பச்சைக் கதவுக்கு மேலே இருந்த ஜன்னலிலிருந்து பார்த்தால் மேசை, மெஷின், என் வாயில் இருக்கிற குண்டூசி வரைக்கும் தெரியும். திரைக்கு மெல்லிசுத் துணியெல்லாம் அங்கே சரிப்படாது. உள்ளே லைனிங் துணி கொடுத்து, மடிப்புக்கு இரண்டு பங்கு விட்டு, நடுவில் ஒரு விரல் சந்துகூட விழாமல், கனமாக. தூரத்தில் விரைவு ரயிலின் விளக்கு தெரிந்தது. நடைமேடை அதிர ஆரம்பித்தது. மடியில் இருந்த மெத்தைமேல் என் கை தானாக விரிந்து அளந்துகொண்டிருந்தது, ஒரு சாண், இரண்டு சாண்.